மூன்று மாடி மூச்சு

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள், திட்டவா செய்கிறார்கள்?

வேலை இதுதான். திரையில் கதாநாயகி ஓடினால் இரைப்பது இவள். கதாநாயகி மதில் ஏறிக் குதித்தால் ‘ஹக்’ என்பது இவள். பிரசவ வலியில் முனகுவதும், வில்லன் கழுத்தை நெரிக்கும்போது திணறுவதும், இருட்டில் யாரோ தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு மூச்சை இழுப்பதும் இவள்தான். அந்தக் கதாநாயகி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வந்துவிட்டால் போதும், மைக்கை விட்டு இவளை நகரச் சொல்லிவிடுவார்கள். வசனத்துக்கு வேறு ஆள். இப்படியே பதினொரு வருடம் போய்விட்டது. நூற்றுக்கணக்கான படங்களில் ஓடியிருக்கிறாள், விழுந்திருக்கிறாள், ஏழெட்டு முறை செத்தும் இருக்கிறாள். ‘வா’ என்றோ ‘போ’ என்றோ ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால், குரல் கரகரவென்று இருக்கிறதாம். பதினொரு வருடம் இரைத்தவளுக்குக் குரல் வேறு எப்படி இருக்கும்?

இதில் பெரிய சாமர்த்தியம் என்னவென்றால், இத்தனையையும் அவள் நின்ற இடத்தில் நின்றபடி செய்வாள். மைக் பொல்லாதது. கை அசைந்தால் துணி உரசும் சத்தம் விழும். கால் மாறினால் தரை முனகும். அதனால் வளையல், கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கல்லாக நிற்க வேண்டும். கல்லாக நின்றுகொண்டே காட்டில் ஐந்து மைல் ஓடியது போல இரைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. புதிதாக வருகிற பெண்கள் இரண்டு நிமிடம் இரைத்துவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவள் முடித்துவிட்டு டீ எங்கே என்று கேட்பாள்.

அந்தச் சாமர்த்தியமே அவளுக்கு வினையாக வந்தது. அங்கே ஒலிப்பதிவாளன் ஒருவன் இருந்தான். பக்கத்து அறையில் யாராவது கொட்டாவி விட்டாலும் அவனுக்குக் கேட்கும் என்பதால் பெயரே காது. அவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை மூன்று நாள் உட்கார வைத்து அவளுடைய எல்லா மூச்சையும் பதிந்து கணினியில் அடுக்கினான். ஓட்ட மூச்சு, சண்டை மூச்சு, படியேறும் மூச்சு, பயந்த மூச்சு, சாகும் மூச்சு. அவள் இல்லாத நாளில் அவசரத்துக்குக் கை கொடுக்கும் என்றுதான் செய்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அப்புறம் எல்லா நாளும் அவசரமாகிவிட்டது. அவளைக் கூப்பிடுவது வாரத்துக்கு ஒன்றானது, மாதத்துக்கு ஒன்றானது, பிறகு நின்றே போனது. ஒருநாள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் வாசல் பக்கமே போகாத ஒரு படத்தில் யாரோ ஒரு நடிகைக்கு அவளுடைய மூச்சு இரைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அவளுடைய மூச்சே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காது போன் செய்தான்.

“அக்கா, ஒரு சீன் இருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்குற எதுவும் ஒட்ட மாட்டேங்குது. வர்றீங்களா?”

வர்றீங்களாவாம். அவன் போனை வைப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

இயக்குநர் தாடி வைத்த சின்ன வயதுக்காரர். முதல் படம், எனவே நகம் கடிக்கும் பழக்கம் உச்சத்தில் இருந்தது. நடக்க முடியாத அம்மாவை மகள் முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறுகிறாள், அதுதான் காட்சி. மூன்றேகால் நிமிடம். வசனம் கிடையாது. மேலே போய் இறக்கி வைத்த பிறகுதான் ஒரே ஒரு வரி. இசையும் கூடாது என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். நடிகை அந்த வயதான அம்மாளை உண்மையாகவே முதுகில் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தாள், ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஆனால் எடுத்த இடத்தில் ஜெனரேட்டர் இரைச்சல். நடிகைக்கு இந்த மொழியும் வராது. ஆகவே வசனத்துக்கு வெள்ளிமணி, மூச்சுக்கு மூச்சக்கா.

வெள்ளிமணி என்பது ஊரே கொண்டாடும் குரல். படத்தில் கதாநாயகி பேசுவதே மொத்தம் நாற்பது வரிதான். அதற்கு மறுநாள் பதினொரு மணிக்கு வெள்ளிமணி வருவதாக ஏற்பாடு.

மூச்சக்கா காட்சியை ஒரு முறை பார்த்தாள். கடிகாரத்தைக் கழற்றினாள். மைக் முன்னால் போய்க் கல்லாக நின்றாள். நடிகையின் பாதம் ஒவ்வொரு படியில் விழும்போதும் ‘ஹா, ஹா’ என்று அச்சுப் பிசகாமல் இரைத்தாள். பாரத்துக்கு நடுநடுவே ஒரு முனகல், திருப்பத்தில் ஒரு பெருமூச்சு. முடித்துவிட்டு, எப்படி என்பது போலக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள்.

“படத்தோட சிங்க் எல்லாம் சுத்தமா ஒட்டுது” என்றான் காது.

இயக்குநர் நகத்தை வாயிலிருந்து எடுத்தார். “இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு மாடி ஏறுறா. இவங்க ஏறல.”

இன்னொரு முறை. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, மூக்கால், வாயால். ஒன்பது முறை ஆனது. பதினொரு வருடத்தில் அவளை இரண்டாம் முறை எடுக்கச் சொன்னவர்களே குறைவு. 

“தப்பு எங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியலக்கா” என்றார் இயக்குநர், பாவமாக. “பாக்குறப்ப எனக்கும் சேர்த்து மூச்சு முட்டணும். முட்டல. விடுங்க. நாளைக்கு மேடம் வர்றதுக்குள்ள ஏதாவது நடந்தா சரி. இல்லன்னா மியூசிக்கப் போட்டு மூடிடலாம்.”

காது வாசல் வரை கூட வந்தான். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. “அக்கா, இந்த ஒரு சீனுக்குத்தான் ஆளு வேணும்னு தயாரிப்பாளர்கிட்ட நான் அடிச்சுச் சொல்லி உங்களக் கூப்பிட்டேன். இதுவும் ஒட்டலன்னா, இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம், இருக்குறத வெச்சு ஓட்டுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் நான் என்ன பேசினாலும் எடுபடாது.”

 பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வரும் வரை ஜன்னலைத்தான் பார்த்தாள், வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் கணவர். இருபத்திரண்டு வருடம் கிடங்கில் லோடுமேனாக மூட்டை சுமந்தவர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. அன்றிலிருந்து இடது கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று அவள்தான் தூக்கி வைக்க வேண்டும். எழுபத்தைந்து கிலோ இருந்த மனிதர் ஐம்பத்து நாலுக்கு வந்துவிட்டார். இளைத்தது உடம்பு மட்டும்; வாய் அப்படியே இருந்தது.

“என்ன, மூஞ்சி ஒரு முழத்துக்குத் தொங்குது?” என்று அன்று சாயங்காலம் கேட்டார்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லைன்னா இத்தனை கரண்டி ஏன் கீழ விழுது?”

அவள் விழுந்த கரண்டிகளைப் பொறுக்கி வைத்தாள். இரண்டு பேரும் சீக்கிரமே படுத்துவிட்டார்கள்.

காலையில் ஏழு மணிக்கு வழக்கம்போல அவரைத் தூக்கப் போனாள். அவர் வழக்கம்போல இரண்டு கையையும் அவள் கழுத்தில் கோத்துக்கொண்டார். அவள் மனம் முழுக்க அந்தக் காட்சிதான். சரி, நிஜமாகத் தூக்கும்போதே ஒரு தடவை அந்த மூச்சைப் போட்டுப் பார்ப்போமே என்று, ஸ்டூடியோவில் செய்தது போலவே, தூக்குகிற நொடியில் ‘ஹா’ என்று விட்டாள்.

அவ்வளவுதான். வயிற்றிலிருந்த பலமெல்லாம் அந்த ‘ஹா’வோடு வெளியே போய்விட்டது. முழங்கால் மடங்கியது. அவரை ஒரு சாண் தூக்கிய கையோடு கட்டிலில் போட்டு, அவர் மேலேயே தானும் விழுந்தாள். கட்டில் ‘கிரீச்’ என்றது.

“அம்மாடி! ஆளையே முடிச்சுடலாம்னு பிளானா?” என்று அவர் கீழேயிருந்து கத்தினார். “பதினாலு மாசமாத் தூக்குற, ஒரு நாளும் போட்டதில்லையே! இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?”

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மார்பு மேலேயே கிடந்து சுவரைப் பார்த்து விழித்தாள். “மூச்ச விட்டுட்டேன்” என்றாள் மெதுவாக.

“என்னது?”

“தூக்குறப்ப மூச்ச விட்டுட்டேன். ஸ்டூடியோவுல விடுற மாதிரி.”

“தூக்குறப்ப எவனாவது மூச்ச விடுவானா? கிடங்குக்கு வந்த மொத நாள் பசங்கதான் மூட்டைக்கு அடியில நின்னு ‘ஹா ஹூ’ன்னு சத்தம் போடுவானுங்க. பழைய ஆளுக்குச் சத்தமே வராது. இறக்கினதுக்கப்புறம்தான் அவன் உயிரோட இருக்கான்னே தெரியும்.”

“பேசாதீங்க. கையைப் போடுங்க.”

“இன்னொரு தடவையா? இடுப்பு ஏற்கெனவே…”

“கையைப் போடுங்கன்னா!”

இந்த முறை எதையும் நடிக்கவில்லை. தினமும் தூக்குவது போலத் தூக்கினாள், ஆனால் காதைத் தன் மேலேயே வைத்துக்கொண்டாள். பதினான்கு மாதத்தில் இன்றுதான் தான் தூக்குவதைத் தானே கேட்கிறாள். கை அவர் அக்குளுக்கு அடியில் போவதற்கு முன்னாலேயே வயிறு காற்றை வாங்கி நிரப்பிக்கொண்டது. பிறகு கதவைச் சாத்தியது போலத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் கட்டிலை விட்டு எழும்பியது முழுக்க அந்த அடைப்புக்குள்தான் நடந்தது. ஒரு சத்தம் இல்லை. அவள் கால் நிமிர்ந்து, பாரம் நிலைக்கு வந்த பிறகுதான் மூக்கு வழியாக ‘ம்’ என்று ஒரு துளி கசிந்தது. அவரை நாற்காலியில் வைத்ததும் மிச்சமெல்லாம் கொட்டியது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த இடத்தில் பாரம் அதிகமோ அந்த இடத்தில் மூச்சே இல்லை! அந்த வெற்று இடத்தைத்தானே பதினொரு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சத்தத்தால் நிரப்பி வந்திருக்கிறாள்? அதோடு இன்னொன்று. நேற்று அவள் ஒவ்வொரு மூச்சையும் பாதம் படியில் விழும் நேரத்தில் வைத்தாள். உடம்போ பாதம் தூக்குவதற்கு முன்னாலேயே மூச்சை வாங்கி வைத்துக்கொள்கிறது. அரை நொடி பிந்திய மூச்சு. நடிகையின் மார்பு ஏறி முடித்த பிறகு இவள் இரைத்திருக்கிறாள். இயக்குநருக்குச் சொல்லத் தெரியாத தப்பு இதுதான்.

“முதுகுல ஏறிக்கோங்க” என்றாள்.

“எதுக்கு?”

“ஏறுங்க, சொல்றேன்.”

அவரை முதுகில் போட்டுக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து கூடத்துக்கும் நடந்தாள். இரண்டு அடிக்கு மூச்சு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை, கால் தானாக மூச்சைப் பிடித்துக்கொண்டது. நாலாவது நடையில் களைத்ததும் ஓரடிக்கு ஒன்றாக மாறியது. அதையும் அவள் மாற்றவில்லை. சமையலறை வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் மூச்சு நின்று, அடைத்து, அவள் ஏறியதும் வெளியே வந்தது. அவரை இறக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் கல்லாக நின்று அதே மூச்சைத் திரும்பச் செய்து பார்த்தாள். வரவில்லை. இரண்டு மூச்சு சரியாக வந்தது. மூன்றாவது பழைய ‘ஹா’வுக்கே ஓடிப்போனது. முதுகில் பாரம் இல்லாமல் அந்த மூச்சு வராது, அவளை அடித்தாலும் வராது.

மணி எட்டேகால்.

“கிளம்புங்க” என்றாள்.

“எங்க?”

“ஸ்டூடியோவுக்கு. நீங்கதான் என் அம்மா.”

கணவர் தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “சவரம் பண்ணிக்கணுமா?” என்று கேட்டார்.

டாக்சியிலிருந்து இறங்கி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்பதரை. காது விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். பதிவு அறைக்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு நடப்பதா? இந்தக் கட்டடம் கட்டியதிலிருந்து யாரும் செய்யாத பாவம் அது. ஆனால் பாவத்தை அவனே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏற்பாடு செய்தான். நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது, வெளியே போ. கணவர் போட்டிருந்த நைலான் கால்சட்டை சரசரத்தது, கழற்று. பழைய பருத்திப் போர்வையைச் சுற்றி அவரைப் பச்சைக் குழந்தை போலக் கட்டினார்கள். கோரஸ் பாடுகிறவர்கள் நிற்பதற்கு அந்த அறையில் ஒரு சிமெண்ட் படி இருந்தது. அதன் மேலும் கீழும் தடித்த பஞ்சு மெத்தை விரித்தார்கள். அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூன்று மாடியையும் கடப்பது என்று முடிவு. மைக்கை மேலேயிருந்து அவள் முகத்துக்கு நேரே தொங்கவிட்டான்.

இயக்குநர் பதறினார். “அக்கா, விழுந்துட்டீங்கன்னா?”

“விழுந்தா அந்தச் சத்தத்தையும் பதிஞ்சு வெச்சுக்கோங்க, வேற படத்துக்கு ஆகும்.”

கணவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: வாயைத் திறக்கக் கூடாது. அவர் பெரிதாகத் தலையாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நடிகை முதல் படியில் கால் வைத்தாள். இவளும் வைத்தாள். ஆறாவது படி வரை அருமையாகப் போனது. ஏழாவதில் மெத்தை கொஞ்சம் வழுக்க, “பாத்து, பாத்து!” என்றார் கணவர்.

விளக்கு அணைந்தது. அவள் முதுகைத் திருப்பாமலே பேசினாள். “இன்னொரு வார்த்தை வந்துச்சுன்னா, இங்கயே விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“போயிடுவா சார், செய்யுறவதான்” என்று அவர் இயக்குநரிடம் முறையிட்டார். அதன் பிறகு உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

மறுபடியும் விளக்கு எரிந்தபோது மணி பத்தே முக்கால். இன்னொரு முறை எடுக்கத் தன் காலில் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தொடை இப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. இதுதான், இத்தோடு சரி.

முதல் மாடி. மார்பு நிறைந்தது, பாதம் எழுந்தது. நடிகையின் தோள் எப்போது உயர்ந்ததோ அப்போது இவளுடையதும் உயர்ந்தது. இரண்டு படிக்கு உள்ளே, இரண்டு படிக்கு வெளியே. இவள் திரையைப் பார்த்துச் செய்யவில்லை; இருவருக்கும் ஒரே பாரம், அதனால் ஒரே மூச்சு. திருப்பத்தில் நடிகை சுவரில் சாய்ந்தாள். இவள் யோசிக்காமல் பஞ்சு தைத்த சுவரில் தோளைக் கொடுத்தாள். மூன்று மூச்சு அவசர அவசரமாக வந்து போனது. உமிழ்நீரை விழுங்கினாள். அதுவும் மைக்கில் விழுந்திருக்கும், விழட்டும்.

இரண்டாவது மாடி. படிக்கு ஒன்றாகிவிட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த கை வியர்வையில் வழுக்கியது. அவரை ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏற்றிக்கொண்டாள். திரையில் நடிகையும் அம்மாவை உலுக்கி ஏற்றிக்கொள்கிற இடம்தான் அது. நேற்று அந்த உலுக்கலுக்கு ஒரு அழகான முனகல் வைத்திருந்தாள். இன்று பல்லுக்கு நடுவே ஒரு சீறல் மட்டும் போனது.

மூன்றாவது மாடியின் பாதியில் நடிகை நின்றுவிடுகிறாள். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். ஏற முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இவளும் அப்படியே நின்றாள். வயிறு நிறைந்தது, தொண்டை சாத்திக்கொண்டது. அறையில் ஒரு சத்தம் இல்லை. முதுகின் மேல் கணவரும் மூச்சை நிறுத்திவிட்டதை அவள் உணர்ந்தாள்; அவர் மார்பு அவள் முதுகில் அசையாமல் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் சுமந்த மனிதருக்குத் தெரியும், இந்த நேரத்தில் முதுகில் இருப்பது கனமாகக் கூடாது. ஒரு நொடி. இரண்டு நொடி. காதுக்குள் ரத்தம் அடித்தது. பின்னங்கால் மெத்தையை அழுத்தித் தள்ளியது. முழங்கால் வெடவெடத்து, வெடவெடத்து, நிமிர்ந்தது.

கடைசி ஏழு படி எப்படிப் போனது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. நடிகை கதவருகே அம்மாவைச் சரித்து உட்கார வைத்தபோது இவள் மண்டியிட்டுக் கணவரை மெத்தையில் இறக்கினாள். சாத்தி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது, உள்ளே வெளியே, உள்ளே வெளியே, தோள், விலா, வயிறு எல்லாம் சேர்ந்து. அந்தப் பெருக்கு கொஞ்சம் தணிந்த இடத்தில், யாரையும் கேட்காமல், வாய் பேசிவிட்டது.

“வந்துட்டோம். வந்துட்டோம்மா… இனி இறங்க வேணாம்.”

திரையில் நடிகையின் உதடும் அதே நேரத்தில் அசைந்து நின்றது.

படம் முடிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வரி அவளுடையது இல்லை. நாற்பதில் ஒன்று, வெள்ளிமணி பேச வேண்டியது. நேற்று ஒன்பது முறை அந்த உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருந்தது, மூச்சோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. ஐயோ, நல்லா எடுத்ததையும் கெடுத்துட்டோமே, இனிமேல் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்களே என்று கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் காது, இயக்குநர், கைப்பையோடு அப்போதுதான் வந்து நின்றிருந்த வெள்ளிமணி, மூன்று பேரும் சிலையாக இருந்தார்கள். பிறகு மூன்று பேருடைய தோளும் ஒரே நேரத்தில் தொப்பென்று இறங்கியது. அவ்வளவு நேரமும் அவர்களும் மூச்சு விடவில்லை என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்துபோனது.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து மெத்தையிலேயே உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. 

“ரெண்டு மூச்சு விழுந்திருக்கு” என்று ஒலிபெருக்கியில் காதின் குரல் வந்தது. “அண்ணனோடதும் லேசாக் கேக்குது. எடுத்துடவா?”

“கையை வெச்ச, கொன்னுடுவேன்!” என்றார் இயக்குநர். “படத்துலயும் ரெண்டு பேர்தானே ஏறுறாங்க!”

“நான் இப்ப பேசலாமா?” என்று கேட்டார் கணவர்.

படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார்கள். மூச்சக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பார்த்தாள். ஒரு பெண் தன் தாயைச் சுமந்து மாடி ஏறினாள், அவ்வளவுதான் தெரிந்தது. நடிகை ஒருத்தி, இரைப்பவள் ஒருத்தி என்று பிரித்துப் பார்க்க அவளாலேயே முடியவில்லை. பாதியில் நின்ற அந்த இரண்டு நொடியில் அவளே பயந்துபோய்க் கணவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசி வரி…” என்று இயக்குநர் வெள்ளிமணியின் பக்கம் திரும்பி இழுத்தார். “மேடம், அத நீங்க ஒரு தடவ தனியா…”

வெள்ளிமணி தொழில் தெரிந்தவள். கைப்பையை வைத்துவிட்டு மைக் முன்னால் வந்து நின்றாள், தொண்டையைச் செருமினாள், பேசினாள். பேருக்கு ஏற்ற குரல். ஒவ்வொரு எழுத்தும் துலக்கி வைத்த மாதிரி விழுந்தது. காது அதை வெட்டி மூச்சோடு ஒட்டிப் போட்டுக் காட்டினான். மூன்று மாடி உயிரைக் கொடுத்து ஏறி வந்தவள், மேலே வந்ததும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போலப் பேசினாள்.  முதலில் சிரித்தது வெள்ளிமணிதான்.

“நல்லாத்தான் பேசியிருக்கேன். ஆனா இவ மாடியே ஏறலையே!” தன் கையிலிருந்த வசனத் தாள்களை ஒரு முறை புரட்டினாள். பிறகு மூச்சக்கா பக்கம் வந்தாள். “இவங்க மூச்சு எங்க முடியுது, பேச்சு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. வெட்டுனா ரத்தம் வரும் சார். கடைசியில இந்தக் குரல்ல பேசுறவ, முன்னாடி முப்பத்தொன்பது வரியை என் குரல்ல எப்படிப் பேசுவா? எல்லாத்தையும் இவங்களே பேசட்டும்.”

“என் குரலா?” என்றாள் மூச்சக்கா. “கரகரன்னு இருக்கும் மேடம்.”

“இப்பக் கேட்டேனே. அந்தப் பொண்ணுக்கு வேற எப்படி இருக்கும்?” என்று சொல்லித் தாள்களை அவள் மடியில் வைத்தாள் வெள்ளிமணி.

இயக்குநர் அந்தத் தாள்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை நேரத்தில் முதல் முறையாக அவர் கை வாய்க்குப் போகவில்லை. “பேசுறீங்களாக்கா?”

அவள் தாளைப் புரட்டினாள்.  நாற்பது வரி. ‘யார் அது?’ ‘சாப்பிட்டியா?’ ‘எனக்கு பயமில்ல.’ உலகத்தில் எல்லோரும் தினமும் பேசுகிற சாதாரணப் பேச்சு. பதினொரு வருடமாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய் நடைபாதையில் நின்றவள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் அடக்காமல் விட்டாள். கணவர் போர்வைக்குள்ளிருந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“இன்னைக்கு வேண்டாம்” என்றார் இயக்குநர். “கால் இன்னும் ஆடுது உங்களுக்கு. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. திங்கக்கிழமை நிதானமா வெச்சுக்கலாம்.”

நேற்று வரை அந்த அறையில் நில் என்றால் நின்று, நகரு என்றால் நகர்ந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். தானே நடந்து போய் மைக்குக்கு நேரே நின்றாள்.

“திங்கக்கிழமையா? உடம்புச் சூடு ஆறுறதுக்குள்ள மொத வசனத்தப் போடுங்க” என்றாள், கண்ணாடிக்கு அப்பால் இருந்தவனைப் பார்த்து.

காது மறுபேச்சுப் பேசாமல் சிவப்பு விளக்கைப் போட்டான்.